தொலைவிலிருந்து வரும் துணைச்சொல்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கிழக்கு நோக்கி வருவோர், கரிசல் நிலத்தையும், ஆண்டின் பெரும்பகுதி நீரின்றிக் கிடக்கும் கண்மாய்களையும், சீமைக் கருவேலங் காட்டினிடையே எழும் கரிமூட்டப் புகையையும் காண்பர். அவ்வழியில் உள்ளது வீரசோழன் என்னும் எங்கள் ஊர். மழை பெய்தால் நெல்லும் மிளகாயும் உண்டு. பொய்த்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் பிழைப்பு உண்டு. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட பகுதிகளிலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றோர் பலர். பிற்காலத்தில் அவ்வழி அரபு நாடுகளை நோக்கித் திரும்பிற்று. ஆதலின் எங்கள் பக்கத்து வீடுகளில் துயரமும் ஆறுதலும் நெடுங்காலமாகவே கடல் கடந்து வந்தன, தபாலில் வந்தன.

நல்ல செய்தி கொண்ட கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். துக்கச் செய்தி கொண்ட கடிதத்தை வீட்டினுள் வைத்திருக்க மாட்டார்கள். படித்தவுடன் கிழித்துப் போடுவார்கள். எழுத்தறியாத தாய், திண்ணையில் அமர்ந்து, அடுத்த வீட்டுப் பள்ளிச் சிறுவனைக் கொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுவிப்பாள். அவள் சொல்லச் சொல்ல எழுதும் சிறுவன், அவள் அழும்போது என்ன எழுதுவது என்று அறியாமல் எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு இருப்பான். இக்காட்சியை எங்கள் தலைமுறையினர் பலரும் அறிவோம். தந்தி வந்தால் தெருவே அஞ்சும். அந்தத் தந்திப் பணியும் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு நம் நாட்டில் முடிவுற்றது.

இன்று கைப்பேசியிலும் கணினித் திரையிலும் மனநல ஆலோசகரோடு பேசித் தம் துயரை ஆற்றிக்கொள்வோர் பெருகியிருக்கின்றனர். இதனை முற்றிலும் புதியதொரு விந்தை என்று சிலர் வியக்கின்றனர். முகம் பாராத ஆறுதல் ஓர் ஆறுதலா என்று சிலர் எள்ளுகின்றனர். இவ்விரு சாராரும் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நன்று. அவ்வரலாற்றின் சில பகுதிகளையே இன்று கூற முற்படுகின்றேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஆலோசனை கூறி மனத்தைத் தேற்றும் பணியைத் தமிழ்நாட்டில் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறோம்; அப்பணி செய்வாரை 'ஆற்றுப்படுத்துநர்' என்கிறோம். இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்கின்றனர். இரண்டும் நல்ல சொற்களே. பத்துப்பாட்டைப் படித்த மாணவர்க்கு ஆற்றுப்படை என்னும் நூல்வகை புதிதன்று. பரிசில் பெற்றுவரும் ஒருவன், வறுமையோடு எதிரே வருபவனுக்கு, எவ்வழியே சென்றால் யாரிடம் உதவி பெறலாம் என்று சொல்லி வழிப்படுத்துவது அது. 'ஆறு' என்பது வழி. வெந்நீரை ஆற்றுவது, புண்ணை ஆற்றுவது என்னும் பொருளும் அச்சொல்லின் அருகே நிற்கிறது. ஆற்றுப்படுத்துபவன் உடன் நடந்து வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வழியைச் சொல்லுகிறான்; நடப்பவன் மற்றவன்.

இனி மேலைநாட்டுக்குச் செல்வோம். வியன்னா நகரத்து உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டு 1909ஆம் ஆண்டில் ஒரு சிறுவனைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். குதிரையைக் கண்டால் நடுங்கித் தெருவுக்கே வர மறுத்த ஐந்து வயதுச் சிறுவன் அவன். ஃபிராய்டு அச்சிகிச்சைக் காலத்தில் அவனை நேரில் கண்டது ஒரே ஒருமுறைதான். மற்றவை எல்லாம் அவன் தந்தை எழுதிய கடிதங்களின் வழியாகவும், தந்தைக்கு ஃபிராய்டு கூறிய குறிப்புகளின் வழியாகவுமே நிகழ்ந்தன. அவர் கண்ட விளக்கத்தைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. அது வேறு கதை. சிறுவன் நலமுற்று வளர்ந்து இசைநாடக இயக்குநராகப் புகழ்பெற்றான். தொலைவிலிருந்து நடந்த மனச்சிகிச்சைக்கு இதனினும் தெளிவான பழைய சான்று கிடைப்பது அரிது. நம் நாட்டிலும், கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸ், ஃபிராய்டை நேரில் காணாமலே பல ஆண்டுகள் அவரோடு கடிதவழி வாதிட்டார்.

தொலைபேசி இவ்வரலாற்றில் நுழைந்தது இலண்டனில். சாட் வாரா என்னும் பாதிரியார் 1935ஆம் ஆண்டில், தம் பணியின் தொடக்க நாட்களில், தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்ட ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கை நடத்த நேர்ந்தது. அவளுக்கு நேர்ந்தது பெண் மக்கள் அனைவர்க்கும் இயல்பாக நிகழும் பூப்பு. அதனைத் தீராத நோய் என்று எண்ணி அஞ்சினாள் அப்பேதை. கேட்டுத் தெளிய ஒருவர் இருந்திருப்பின் அவள் வாழ்ந்திருப்பாள். இந்நிகழ்ச்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1953ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டன் மாநகரின் நடுவிலிருந்த தம் தேவாலயத்தில், துயருற்றோர் எவரும் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். 'சமாரிட்டன்ஸ்' என்னும் அமைப்பின் தோற்றம் இது.

அங்கே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பாதிரியாரைக் காண வந்தோர் முன்னறையில் காத்திருந்தனர். அவர்களுக்குத் தேநீர் தந்து உபசரிக்கச் சில தொண்டர்கள் இருந்தனர். அத்தொண்டர் எவரும் உளநூல் கற்றவரல்லர். வந்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தனர், அவ்வளவே. காத்திருந்தோருள் பலர், பாதிரியாரைக் காண வேண்டிய தேவை தீர்ந்தது என்று சொல்லித் திரும்பிச் சென்றனர்! கேட்பதே ஒரு மருந்து என்பதைச் சாட் வாரா அங்கே கண்டுகொண்டார். விரைவில் அத்தொண்டர்களிடமே பணியை ஒப்படைத்தார். அந்த அமைப்பு 1994ஆம் ஆண்டிலேயே மின்னஞ்சல் வழியாகவும் துயர் கேட்கத் தொடங்கிற்று என்பது பலர் அறியாத செய்தி.

அவ்வொளியில் ஏற்றிய விளக்குகள் நம் பக்கத்திலும் உண்டு. இலங்கையில் 1974இல் 'சுமித்ரயோ' தோன்றிற்று. சென்னையில் 1986ஆம் ஆண்டு மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா' அமைப்பை நிறுவினார். மாணவர்களாகிய உங்களுக்கு அவ்வமைப்போடு ஓர் உறவு உண்டு. அதனை நீங்கள் அறியமாட்டீர்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் சினேகாவுக்கு வரும் அழைப்புகள் மிகும். ஒரு பாடத்தில் தோற்றாலும் ஓராண்டு முழுவதும் காத்திருக்க வேண்டும் என்னும் நிலையே அம்மாணவரை நிலைகுலையச் செய்கிறது என்பதை அங்கிருந்தோர் கண்டனர். சில வாரங்களுக்குள் மறுதேர்வு நடத்துமாறு அரசை வேண்டினர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அம்மறுதேர்வு நடைமுறைக்கு வந்தது. இன்று ஒரு பாடத்தில் தவறியவன் அதே ஆண்டில் கல்லூரி செல்லுகிறான். தொலைபேசியில் கேட்ட அழுகை, கல்வித்துறையின் விதியை மாற்றியது. ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையில், எங்கள் ஆசிரியர் கூட்டங்களிலிருந்து இவ்யோசனை முதலில் எழுந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். மதிப்பெண் பட்டியலைப் பார்த்த எங்களுக்குத் தெரியாதது, முகத்தைப் பாராமல் குரலை மட்டும் கேட்டவர்க்குத் தெரிந்தது.

அருகில் இருப்பதே ஆறுதல் என்போர்க்கு, எங்கள் பழைய மாவட்டத்தின் பிறிதொரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அது சொல்லுதற்கு இனிய செய்தியன்று.

சென்னையில் மனநோயாளர்க்கென ஓர் இல்லம் 1794ஆம் ஆண்டிலேயே வாலண்டைன் கானலி என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறிற்று. ஆயினும் இராமநாதபுரத்து வறண்ட சிற்றூரில் ஒருவன் சித்தம் கலங்கினால் கீழ்ப்பாக்கம் எங்கே, அவன் எங்கே? குடும்பத்தார் கோவிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துச் சென்றனர். அவ்வாறு ஏர்வாடி தர்காவை நாடி எல்லாச் சமயத்தாரும் வந்தனர். அப்புனிதத் தலத்தைச் சூழ்ந்து, பணம் பெற்று நோயாளிகளை வைத்திருக்கும் தனியார் காப்பகங்கள் தோன்றின. அவர்களைச் சங்கிலியால் பிணித்து வைப்பது அங்கே வழக்கமாயிற்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியுமுன் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. உரிமம் இல்லாக் காப்பகங்கள் மூடப்பட்டன.

அவர்களைச் சுற்றி மனிதர் இல்லாமல் இல்லை. கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தனர். ஆனால் அவர்கள் பேசுவதைக் கேட்க ஒருவரும் இல்லை. அருகிருத்தல் வேறு, துணையிருத்தல் வேறு.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமையை 1961ஆம் ஆண்டில் ஏற்ற சாரதா மேனன் அம்மையார், இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். மதில்களுக்குள் பூட்டி வைப்பதை விடுத்து, நோயாளி வீட்டிலிருந்தே வந்து மருந்து பெற்றுச் செல்லும் முறையை வளர்த்தார். ஓய்வு பெற்றபின் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் 2010ஆம் ஆண்டில், நம் பக்கத்து மாவட்டமாகிய புதுக்கோட்டையில், ஒரு பேருந்தைச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கிற்று. பேருந்தினுள் ஓர் அறை. அறையில் ஒரு திரை. திரையில் சென்னையிலிருந்து பேசும் மருத்துவர். பேச்சு முடிந்ததும் அதே பேருந்தில் மருந்தும் கிடைக்கும். ஒருநாள் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்வர வேண்டிய ஏழைக்கு இது எத்தகைய வசதி என்பதை, பேருந்துக்குக் காத்திருந்து பழகிய எங்கள் ஊரார் எளிதில் உணர்வர். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1959ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக் கம்பி வழியே மனநலச் சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். அங்குத் தோன்றிய எண்ணம் புதுக்கோட்டைக் கிராமத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இவ்வழியை அகலமாக்கிற்று. அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள், தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. இறந்தோர் முகத்தைக் காணவும் இயலாமல், துக்கம் கேட்க வருவாரும் இல்லாமல் இருந்த நாட்கள் அவை. எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்டல் என்பது வெறும் சடங்கன்று. பெண்கள் தோளோடு தோள் பிணைந்து அமர்ந்து ஒப்பாரி பாடுவதும், பதினாறாம் நாள் வரை உறவினர் வந்து போவதும், கணவனை இழந்த இஸ்லாமியப் பெண் இத்தாக் காலமாகிய நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலிருக்க உறவுப் பெண்கள் துணையிருப்பதும் துயரைப் பலர் தோளில் ஏற்றிவைக்கும் ஏற்பாடுகள். அவை அனைத்தும் ஒரே நாளில் நின்றபோது, பலருக்குக் கைப்பேசி ஒன்றே திண்ணையாயிற்று.

திரைவழி ஆற்றுப்படுத்தல் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், முக்கால் மணி நேரம் அளவில் பேச்சு நடக்கும். நல்ல ஆலோசகர் முதற்கண் தம் தகுதியைச் சொல்லுவார். நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள், இடர் நேர்ந்தால் யாரை அழைக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுவார். கூறியவற்றை மறைவாகக் காப்பதாகவும், உயிருக்கு ஆபத்து என்னும்போது மட்டும் பிறரை அழைக்க நேரும் என்றும் முன்னரே தெரிவிப்பார். அறிவுரை மழை பொழியமாட்டார். உறக்கம், உணவு, நாளின் ஒழுங்கு ஆகியவற்றைக் கேட்பார். எண்ணங்களை ஏட்டில் எழுதிவரச் சொல்லுவார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இம்முறை பலர்க்கு நேர்ச்சிகிச்சைக்கு நிகரான பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் முற்றிய நிலையிலோ, உயிரிழக்கும் எண்ணம் அழுத்தும் நிலையிலோ நேரில் மருத்துவரை அடைதல் வேண்டும். அங்கே திரை போதாது.

துயரம் நோயன்று என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். 1969ஆம் ஆண்டு எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மருத்துவர் ஐந்து நிலைகளைப் பற்றி எழுதினார். மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் அவை இறப்பை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிக் கண்டவை. அவற்றை இழவு வீட்டார் ஒவ்வொருவரும் ஏறியே தீரவேண்டிய படிக்கட்டாகச் சிலர் சொல்லித் திரிகின்றனர். தந்தையை இழந்த மாணவன் பத்தாம் நாள் சிரித்தால் அது குற்றமன்று. பத்தாம் மாதம் அழுதால் அது கோளாறுமன்று.

எங்களுக்கு அண்மையிலுள்ள திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவன் 1892இல் தந்தையை இழந்தான். மதுரையில் சிற்றப்பன் வீட்டில் வளர்ந்தான். 1896இல் அவனை மரண அச்சம் பற்றியபோது எவரையும் அழைக்கவில்லை. தனியே கிடந்து அதனை ஆராய்ந்தான். சில வாரங்களில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குச் சென்றான். அவனே இரமண மகரிஷி. அத்தகையோர் கோடியில் ஒருவர். அவரைக் காட்டி, ஏனைய பிள்ளைகளும் தம் அச்சத்தைத் தாமே வெல்லட்டும் என்று சொல்லுவது கொடுமை.

இவ்வழியில் முட்கள் இல்லாமல் இல்லை. ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில், ஆலோசகரைப் போல் விடையளிக்கும் 'எலைசா' என்னும் கணினி நிரலை அமைத்தார். நாம் தட்டச்சிடும் சொற்களையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய பொறி அது. அது பொறி என்று நன்கறிந்த அவருடைய செயலாளரே, அதனோடு உரையாடும்போது அவரை அறையைவிட்டு வெளியே இருக்குமாறு வேண்டினாராம்! வைசன்பாம் மகிழவில்லை, கலங்கினார். இன்று அதனினும் பன்மடங்கு திறன் வாய்ந்த பொறிகள் உங்கள் கைப்பேசியிலேயே உள்ளன. அவை கேட்பது போலத் தோன்றும், கேட்பது வேறு.

மற்றொன்று மறைபொருள் காத்தல். 2013இல் தொடங்கிய 'பெட்டர்ஹெல்ப்' என்னும் அமெரிக்க நிறுவனம், தன்னை நாடியோர் நம்பித் தந்த செய்திகளை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டிற்று. 2023ஆம் ஆண்டில் 78 இலட்சம் டாலர் செலுத்துமாறு ஆணை பிறந்தது. கடிதம் எழுதித் தந்த பள்ளிச் சிறுவன் ஊரில் போய்ச் சொல்லிவிடுவானோ என்று அஞ்சிய தாயின் அச்சம் இங்கும் தொடர்கிறது. ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளும் அனைவரும் தகுதியுடையோர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. மருத்துவ உளவியலாளர் எனின் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் ஊர்ப்புறத்து இடர் வேறொன்று. இரண்டே அறை உள்ள வீட்டில் ஒரு மாணவி எங்கே அமர்ந்து மனம்விட்டுப் பேசுவாள்? பல வீடுகளில் கைப்பேசி தந்தையுடையது அல்லது தமையனுடையது. தொலைவைக் கடக்கும் கருவி கிடைத்துவிட்டது; தனிமை கிடைக்கவில்லை. பள்ளிகளும் கல்லூரிகளும் இதற்கென ஓர் அறையை ஒதுக்கலாம். வாயிற்கதவும் தாழ்ப்பாளும் உள்ள சிறிய அறை போதும். பெரும் செலவு ஆகாது.

அரசின் பங்கு சிறியதன்று. 2015, 2016ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை உடையோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதோர். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தவனைக் குற்றவாளி என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவன் கடும் மன அழுத்தத்தில் இருந்தான் என்றே கொள்ளவேண்டும், அவனுக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்று திருத்திற்று. காவல் நிலையத்துக்கு அஞ்சிச் செய்தியை மறைத்த குடும்பங்களை நான் அறிவேன். அவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, இந்திய அரசு 'டெலி மானஸ்' என்னும் பணியைத் தொடங்கிற்று. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் அதற்குத் தலைமை நிலையம். தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். எண் 14416, கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது. அழைத்தவுடன் மொழியைத் தேர்ந்துகொள்ளுமாறு ஒரு குரல் கேட்கும். தமிழைத் தேர்ந்தால், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் தமிழிலேயே பேசுவார். அவரால் இயலாததை மனநல மருத்துவரிடம் ஒப்படைப்பார். நேரில் செல்லவேண்டுமெனில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வழி சொல்லுவார். வீரசோழனிலிருந்து அழைத்தாலும் சென்னையிலிருந்து அழைத்தாலும் எண் ஒன்றே.